தொட்டி மீனுக்கு வயதாகிறது

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் போகிறவர்கள் சுவரொட்டிகளைப் படிக்காமல் போக முடியாது. காதணி விழா, புதுமனை புகுவிழா, நடுநடுவே கண்ணீர் அஞ்சலி. தமிழ் கற்பிக்கிறவள் என்பதால் அஞ்சலிச் சுவரொட்டியில் வினைச்சொல்லைத்தான் முதலில் பார்ப்பேன். சிலர் காலமானார்கள். சிலர் சிவலோகப் பதவி அடைந்தார்கள். சிலர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். வேறு சிலர் இயற்கை எய்தினார்கள். இந்தக் கடைசிச் சொல் எனக்குப் பிடித்தமானது. எந்தச் சாமியையும் துணைக்கு அழைக்காமல் சாவைச் சொல்லிவிடுகிறது. ஆனால் அதிலிருந்து ஒரு கேள்வியும் எழுகிறது. சாவு இயற்கை என்றால், அதற்கு முன்னால் வரும் முதுமையும் இயற்கைதானா?

மனிதரை வைத்து இதைக் கேட்டால் பேச்சு உடனே பாசத்தில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன். "பெத்தவங்கள கடைசிவரைக்கும் பாத்துக்கணும் மேம்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். "யார் பாத்துக்கணும்?" என்று கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும். அதனால் கொஞ்சம் சுற்றுவழியாக வருகிறேன். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் நீந்தும் மீனிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் மழையை நம்பி இருப்பவை. ஐப்பசி கார்த்திகையில் நிரம்பும், கோடையில் வற்றும். வற்றும் சமயத்தில் ஊரே இறங்கி மீன் பிடிக்கும். கெண்டை, கெளுத்தி, விரால், அயிரை. அந்தக் கூடைகளில் பெரிய மீன் இருக்கும், கிழட்டு மீன் இருக்காது. நீந்தும் வேகம் சற்றுக் குறைந்தாலே கொக்கோ நீர்க்காகமோ பெரிய விராலோ கதையை முடித்துவிடும். காட்டிலும் ஆற்றிலும் கடலிலும் வாழும் மீன்களில் மூப்பு வந்து சாகிறவை மிகமிகக் குறைவு. நாம் இயற்கை என்று சொல்லும் இடத்தில் முதுமைக்கு அநேகமாக இடமே இல்லை.

மூத்த மீனைப் பார்க்க வேண்டுமானால் வீட்டுத் தொட்டியில்தான் பார்க்க வேண்டும். நிறம் மங்கும். முதுகு மெல்ல வளையும். கண்ணில் வெண்படலம் விழும். துடுப்பின் ஓரம் பிசிறாகும். இரை போட்டதும் பாய்ந்து வந்தது, இப்போது யோசித்துக்கொண்டு வரும். கப்பிக்கு ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகள். கடைகளில் ஃபைட்டர் என்று விற்கும் பீட்டா மூன்று ஆண்டுகள் போல இருக்கும். அது பல மாதங்கள் வளர்ந்து துடுப்பு விரிந்த பிறகே கடைக்கு வருவதால், நாம் வாங்கும்போதே அதன் இளமையில் ஒரு பங்கு கழிந்திருக்கும். தங்கமீன் பத்து ஆண்டைத் தாண்டும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபதும் போகும். இங்கிலாந்தின் வடக்கு யார்க்ஷயரில் டிஷ் என்ற தங்கமீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999-இல் இறந்தது. 1956-இல் ஒரு சிறுவன் திருவிழாக் கடையில் பரிசாக வென்ற மீன் அது. சிறுவன் வளர்ந்து பெரியவனானான். மீன் அவனுடைய பெற்றோர் ஹில்டா, கோர்டன் ஹேண்ட் வீட்டிலேயே இருந்தது. நம் வீடுகளில் தங்கமீன் ஒரு வருடத்துக்குள் மிதப்பதைப் பார்த்துப் பழகிவிட்டதால், அதன் ஆயுளே அவ்வளவுதான் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விடுகிறது. ஆற்றில் அது கரைந்து போய்விடும். தொட்டியில் அங்கேயே நின்று செவுளை அரிக்கும். ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேறும் பாக்டீரியாக்கள்தான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் புதுத் தொட்டியில் பத்து மீனை ஒன்றாக விட்டால் முதல் மாதமே சாவு விழும். சேரும் நைட்ரேட்டைக் குறைக்க வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீரை மாற்ற வேண்டும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவினால் குளோரின் பட்டு பாக்டீரியாக்கள் செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். மாற்றி ஊற்றப்போகும் தண்ணீரை ஒரு நாள் முன்பே பிடித்துத் திறந்து வைக்க வேண்டும்.

எங்கள் வீட்டுத் தங்கமீன் என் மகள் இரண்டாம் வகுப்பில் அடம்பிடித்து வாங்கியது. அவள் இப்போது கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். விடுதியிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு "கோல்டி எப்படிம்மா இருக்கு?" என்பாள். வீட்டுக்கு யாராவது வந்தால் கணவர் தொட்டி அருகே அழைத்துப்போய்க் காட்டுவார்: "பதினோரு வருசமா இருக்கு. என்னா ஆயுசு பாருங்க!" அந்தப் பாராட்டில் மீன் இருக்கிறது, ஆயுசு இருக்கிறது. குழாயில் தண்ணீர் வரும் நாளைக் கணக்கு வைத்து இரண்டு வாளி தனியாகப் பிடித்து வைக்கிற ஆள் இல்லை.

தொண்ணூறு வயதுப் பெரியவரை "அந்தக் காலத்துச் சாப்பாடு, திடமான உடம்பு" என்று மெச்சும்போதும் இதே ஆள்தான் காணாமல் போகிறாள். இட்லியைப் பிசைந்து ஊட்டியவள், மாத்திரையை வேளை பார்த்து எடுத்துத் தந்தவள், நடு இரவில் கைபிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனவள். முதுமை தானாக விளைவதில்லை என்பதை மீன்தொட்டி கண்ணுக்கு முன்னால் காட்டுகிறது. யாரோ ஒருவர் நாள்தோறும் உழைத்து அதை உண்டாக்குகிறார். பெரும்பாலும் ஒருத்தி.

முதுமை அப்படி உண்டாக்கப்படுவது என்றால், "வயசாயிடுச்சு" என்று நாம் எளிதாகச் சொல்வதை இன்னொருமுறை யோசிக்க வேண்டியிருக்கிறது. மீன் ஏன் செத்தது என்று கடையில் கேட்டால் பல நேரம் கிடைக்கும் பதில் அதுதான். ஆனால் மூப்பின் அடையாளங்களும் நோயின் அடையாளங்களும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். மீன்களுக்கு வரும் காசநோயிலும் முதுகு வளையும், உடல் மெலியும், நிறம் மங்கும். கெட்ட தண்ணீரிலும் துடுப்பு பிசிறாகும். தண்ணீரைச் சோதிக்காமல் வயதைக் காரணம் சொல்வது எல்லோருக்கும் வசதி. விற்றவருக்கும் பொறுப்பில்லை, வாங்கியவருக்கும் பொறுப்பில்லை.

பெண்கள் இந்தப் பதிலை நன்றாக அறிவார்கள். என் சித்திக்கு ஐம்பத்திரண்டு வயதில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பார்த்த மருத்துவர் "வயசாகுதுல்லம்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார். இரண்டு வருடம் இதே பதில். பிறகு வேறொரு மருத்துவர், ஒரு பெண், இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் சித்திக்கு ஆறுதான் இருந்தது. கர்ப்பப்பைக் கட்டியால் வருடக்கணக்கில் இரத்தம் போயிருக்கிறது. சிகிச்சைக்குப் பிறகு எழுபது வயதிலும் அந்த மாடிக்கு ஏறி வடாம் காயப்போடுகிறார். 'வயது' என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருந்தால் அவருடைய சாவும் இயற்கை என்றே சுவரொட்டியில் வந்திருக்கும்.

ஒரு பெண்ணுடல் எப்போது 'முடிந்துபோகிறது' என்ற கணக்கும் இதோடு சேர்ந்தே வருகிறது. பிள்ளை பெறுவது நின்ற பிறகு பெண் எதற்காக வாழ்கிறாள் என்று அறிவியலாளர்களே கேட்டிருக்கிறார்கள். பேரக்குழந்தைகளைக் காப்பதற்காக என்பது அவர்கள் சொன்ன விடைகளில் ஒன்று. பாட்டிக்கும் ஒரு வேலை கொடுத்த பிறகுதான் அவளுக்கு உயிரோடு இருக்க அனுமதி! டேவிட் ரெஸ்னிக்கும் அவருடைய குழுவினரும் டிரினிடாட் தீவின் கப்பி மீன்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவை மூத்துச் சாகும்வரை கவனித்து 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெண் கப்பிகள் குஞ்சு போடுவது நின்ற பிறகும் வாழ்ந்தன. கப்பி தன் குஞ்சைப் பார்த்துக்கொள்ளும் தாயல்ல, கிடைத்தால் தின்றுவிடும். அதற்குப் பாட்டி வேலை கிடையாது. ஆனாலும் பிள்ளைப்பேறு முடிந்தபின் அதற்கு ஒரு வாழ்க்கை மிச்சம் இருந்தது. மீனிலிருந்து மனிதருக்கு நேராகச் சட்டம் எழுத முடியாது. ஆனாலும் அந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு மூச்சு விட்டதுபோல் இருந்தது. எந்தப் பயனும் சொல்லாமல் ஒரு பெண் உயிர் சும்மா மூத்துக்கொண்டிருக்கலாம்.

எங்கள் மண்ணின் கதைகளில் அப்படி ஒருத்தியைத் தேடினால் கிடைப்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரின் புகழ்பெற்ற மகள் ஆண்டாள். துளசிவனத்தில் குழந்தையாகக் கிடைத்து, மணப்பருவத்தில் அரங்கனோடு கலந்துவிட்டவள். அவளுக்கு நாற்பது வயது வரவே இல்லை. ஆடிப்பூரத்தில் தேரேறும்போதும் அவள் இளம்பெண்தான். ஔவையோ திருமணத்தைத் தவிர்க்க இளமையிலேயே முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டதாகக் கதை. காரைக்கால் அம்மையார் பேயுரு கேட்டார். மூன்று பெண் கவிகளில் ஒருத்திக்கு மூப்பு வரவில்லை, ஒருத்திக்கு ஒரே நாளில் வந்துவிட்டது, ஒருத்தி உடலையே உதறினாள். ஆண்டுக்கு ஓர் ஆண்டாக மூத்த பெண் இல்லை.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் காட்சியகத்தில் ஓர் ஆஸ்திரேலிய நுரையீரல் மீன் இருக்கிறது. 1938-இல் கப்பலில் வந்தது. மீனின் வயதைக் கணிக்க வழக்கமாக அதன் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லை எடுத்து, மர வளையத்தைப்போல் எண்ணுவார்கள். அதற்கு மீன் செத்திருக்க வேண்டும். இதற்கோ துடுப்பிலிருந்து ஒரு துணுக்கை மட்டும் எடுத்து மரபணு முறையில் கணித்தார்கள். வயது 92 போல இருக்கலாம், 101 வரையிலும் இருக்கலாம் என்று 2023-இல் அறிவித்தார்கள். பைபிளில் நெடுங்காலம் வாழ்ந்த கிழவரின் பெயரால் அதை மெதூசலா என்று அழைக்கிறார்கள். பராமரிப்பவர்கள் அதைப் பெண் என்றே கருதுகிறார்கள். உலகத்துத் தொட்டிகளில் வாழும் மிக மூத்த மீன் என்று சொல்லப்படுவது ஒரு கிழவி, அவளுக்கு ஒரு கிழவனின் பெயர். அவளுக்கு அத்திப்பழம் பிடிக்கும்.

வாழ்க்கைக்குப் பயன் கேட்பதுபோலச் சாவுக்கும் பயன் கேட்கிறார்கள். தொட்டியில் மீன் செத்தால் "வீட்டுக்கு வரவேண்டிய கண்டத்த அது வாங்கிக்கிருச்சு" என்பார்கள். சொல்பவர்கள் ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆறுதலில் மீனுக்குத் தன் சாவும் சொந்தமில்லாமல் போகிறது. கணவருக்கு முன் இறந்த பெண்ணைப் பார்த்து "மகராசி, பூவோடும் பொட்டோடும் போயிட்டா" என்று சொல்வதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவள் வலியில் கிடந்தாளா, அவளுக்கு வைத்தியம் கிடைத்ததா என்று யாரும் கேட்பதில்லை. அவள் சாவு யாருக்கு மங்கலம் என்பதே பேச்சு.

இனிக் கடினமான இடத்துக்கு வருகிறேன். மூத்த மீன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது, பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது, மூச்சு மட்டும் ஓடுகிறது. என்ன செய்வது? மீனுக்கு வலி தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. லின் ஸ்னெடன், விக்டோரியா பிரெய்த்வெய்ட் ஆகியோரின் குழு 2003-இல் டிரௌட் மீன்களில் வலியை உணரும் நரம்புகள் இருப்பதைக் காட்டியது. "ஆத்துல விட்ருங்க, இயற்கையா இருக்கட்டும்" என்பார்கள். நோயுற்ற மீனோ நம் மண்ணுக்கு உரியதல்லாத மீனோ கண்மாயில் விழுந்தால் அங்கிருக்கும் மீன்களுக்குக் கேடு. தொட்டியிலிருந்து போன சக்கர் மீன்கள் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கின்றன. இயற்கையில் விடுவது என்பது பல நேரம் கண்ணில் படாத இடத்தில் விடுவதுதான். கோயில் வாசலில் இறக்கிவிடப்பட்ட பாட்டிகளுக்கு இது தெரியும்.

மீன் வளர்ப்பவர்கள் அறிந்த இன்னொரு வழி உண்டு. கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மீன் மயங்கி, மயக்கத்திலேயே இறக்கும். சிகாகோவின் ஷெட் காட்சியகத்தில் 1933 முதல் வாழ்ந்த கிராண்ட்டாட் என்ற நுரையீரல் மீன் இரையை வெறுத்து, உறுப்புகள் தளர்ந்தபோது, 2017 பிப்ரவரியில் அதன் துன்பத்தை நீட்டிக்காமல் முடித்தார்கள். மீளவே முடியாத வலி என்று தெரிந்தால் ஒரு மீனுக்கு அது கருணை என்றே நினைக்கிறேன். ஆனால் இப்படி எழுதியதும் நான் எந்த மாவட்டத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்பது நினைவுக்கு வருகிறது.

விருதுநகர் மாவட்டத்தின் பெயர் தலைக்கூத்தலோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. படுக்கையில் விழுந்த முதியவருக்கு எண்ணெய்க் குளியலும் இளநீரும் கொடுத்துச் சாகவிடும் வழக்கம். தன் வீட்டில் இதற்கான பேச்சு நடப்பதை அறிந்து ஒரு முதியவர் தப்பிப்போன செய்தி 2010-இல் வெளிவந்த பிறகு நாடெங்கும் தெரிந்தது. இதைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். பிரியா கிருஷ்ணசுவாமியின் 'பாரம்' தேசிய விருது பெற்றது. மதுமிதா 2019-இல் 'கே.டி. (எ) கருப்புதுரை' எடுத்தார். தலைக்கூத்தலில் என்னை அச்சுறுத்துவது அது ஒரு பராமரிப்பைப்போல இருப்பதுதான். எண்ணெய் தேய்ப்பதும் குளிப்பாட்டுவதும் இளநீர் வெட்டித் தருவதும் ஒரு பெண் காய்ச்சல்காரருக்கோ குழந்தைக்கோ செய்யக்கூடியவை. அதன் பிறகு வரும் சாவுக்கு யாரும் வேறு பெயர் வைப்பதில்லை. இயற்கை எய்தினார்.

கிராம்பு எண்ணெயும் நல்லெண்ணெயும் ஒன்றா? வேறுபாட்டை நான் இரண்டு கேள்விகளில் பார்க்கிறேன். முடிவது யாருடைய வலி? யாரைக் கேட்டார்கள்? மீனைக் கேட்க வழியில்லை, அதனால் அதன் உடலைப் பொறுமையாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அப்பத்தாவுக்கு வாய் இருக்கிறது. கேட்டால் சொல்வாள். கேட்காமல் செய்வதாலேயே அது கொலை. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில், மீள முடியாத நிலை வந்தால் உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது. அந்தத் தீர்ப்பு கேட்பதற்கு ஒரு வழியைத் திறக்கிறது. அந்தக் காகிதத்தில் எழுத எத்தனை பெண்களுக்குத் தன் உடலைப்பற்றி முடிவெடுத்த பழக்கம் இருக்கிறது என்பது வேறு கேள்வி.

பராமரிப்பவளையும் கேட்க வேண்டும். மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர் அருணா ஷான்பாக், 1973-இல் அங்கேயே வேலை பார்த்த ஓர் ஆணால் தாக்கப்பட்டுச் செயலற்றுப் போனார். 2015-இல் இறக்கும்வரை 42 ஆண்டுகள் அவரை அந்த மருத்துவமனைச் செவிலியர்களே தலைமுறை மாற்றித் தலைமுறையாகப் பார்த்தார்கள். அவருடைய உணவை நிறுத்த அனுமதி கேட்ட வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தபோது, அவரைப் பார்த்துக்கொண்டவர்களின் குரலுக்கு எடை கொடுத்தது. அருணா என்ன விரும்பியிருப்பார் என்பது நமக்குக் கிடைக்காத விடை. ஆனால் அந்த 42 ஆண்டுகள் சாத்தியமானதற்கு ஒரு காரணம் தெளிவாகத் தெரிகிறது. பார்த்துக்கொண்டவர்கள் பலர். வேலைநேரம் முடிந்ததும் ஒருவர் வீட்டுக்குப் போக, இன்னொருவர் வந்தார். சம்பளம் இருந்தது.

நம் வீடுகளில் ஒருத்திக்கு மாற்று ஆள் வருவதில்லை. இருபத்து நான்கு மணி நேரமும் அவளே. ஆறாவது வருடத்தில் அவள் "சீக்கிரம் போய்ச் சேந்தா தேவலை" என்று முணுமுணுத்தால் கல்நெஞ்சக்காரி என்கிறோம். முதியவர் இறந்தால் "மருமக சரியாப் பாக்கல" என்கிறோம், நீண்டநாள் வாழ்ந்தால் உடம்பைப் புகழ்கிறோம். அவளுக்குத் தேவை புகழோ பழியோ இல்லை, இன்னொரு ஜோடி கை. மகனுடைய கை, பேரனுடைய கை, வீட்டுக்கு வரும் அரசுச் செவிலியரின் கை.

அதனால் என் மாணவிகளிடம் இப்போது கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் மூத்துக்கொண்டிருக்கும் உயிர் எது, அதன் வாளியை யார் தூக்குகிறார்கள், வாரத்தில் எத்தனை நாள்? மீனாக இருந்தாலும் சரி, அப்பத்தாவாக இருந்தாலும் சரி. பெயர்களை எழுதிப் பாருங்கள். ஒரே பெயர் ஏழு நாளும் வந்தால், அந்த வீட்டில் நடக்கப்போகும் சாவை இயற்கை என்று சொல்வதற்கு முன் அட்டவணையைத் திருத்த இன்னும் நேரமிருக்கிறது.